வதந்தி எங்கே இருக்கிறது?: சமூக உளவியலின் இரு பாதிகள்

நமது மேடைகளிலும் பத்திரிகைகளிலும் 'கும்பல் மனோபாவம்', 'வெகுசன உளவியல்' என்ற சொற்கள் எந்தக் கேள்விக்கும் உட்படாமல் புழங்கி வருகின்றன. ஒரு கலவரம் நடந்தால் காவல்துறை அதிகாரி இந்தச் சொற்களைச் சொல்கிறார். மறுநாள் அவரைக் கண்டித்து எழுதுகிற தோழரும் இதே சொற்களைத்தான் சொல்கிறார். எதிரெதிராக நிற்கும் இருவருக்கும் ஒரே சொல் எப்படிப் போதுமானதாக இருக்கிறது என்பது என் நெடுநாள் சந்தேகம். சமூக உளவியல் என்கிற துறையின் பெயரிலேயே ஒட்டுப்போட்ட தையல் தெரிகிறது. சமூகம் ஒரு பாதி, உளம் ஒரு பாதி. இரண்டும் சேர்ந்தால் முழுசாகிவிடும் என்று பாடநூல்களின் முதல் அத்தியாயம் நம்பச் சொல்கிறது. நான் படித்தவரையில் அப்படி ஆகவில்லை. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு கடைகள் நடக்கின்றன. ஒரு கடைக்காரர் மற்றவர் சரக்கைத் தொடுவதில்லை. இதனால் நமக்கென்ன நட்டம் என்று கேட்கலாம். ஒரு வன்முறை நடந்த பிறகு குற்றத்தை எங்கே வைப்பது என்கிற கேள்வி இந்தக் கடைப் பிரிவினையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பிரிவினை முதல் நாளிலிருந்தே இருக்கிறது. 1908இல் ஆங்கிலத்தில் சமூக உளவியல் என்ற தலைப்பைத் தாங்கி இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் வில்லியம் மக்டூகல் என்ற உளவியலாளர். மனிதனுக்குள் பிறவியிலேயே அமைந்த இயல்பூக்கங்கள் இன்னின்னவை, அவற்றிலிருந்துதான் சமூக வாழ்வு கிளைக்கிறது என்பது அவர் கட்சி. மற்றதை எழுதியவர் எட்வர்ட் ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். பிரெஞ்சுக்காரரான கப்ரியேல் தார்த் சொன்ன 'போலச்செய்தல்' என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டு, மோஸ்தர், வழக்கம், கும்பல் ஆகியவை எப்படி ஆளிலிருந்து ஆளுக்குத் தாவுகின்றன என்று பேசினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே துறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். (இருவரும் உடன்பட்ட ஒரு விஷயம் உண்டு. வெள்ளை இனத்தின் மேன்மையைக் காப்பாற்ற வேண்டும் என்பது. இந்தத் துறையின் தொட்டில் அப்படிப்பட்டது.)

பிறகு ஃப்ளாய்ட் ஆல்போர்ட் வந்தார். 1924இல் வெளியான அவருடைய பாடநூல், குழுவுக்கென்று தனி மனம் எதுவும் கிடையாது, தனிமனிதர்களை ஆராய்ந்து முடித்தால் குழுவை ஆராய்ந்து முடித்ததாகிவிடும் என்று அடித்துச் சொன்னது. 'குழு' என்று பேசுவதே ஒரு தருக்கப் பிழை என்றார். இதற்கு நேரெதிரான முனையில் எமில் துர்கைம் ஏற்கெனவே 1895இல் நின்றுகொண்டிருந்தார். சமூக நிகழ்வு ஒன்றை நேரடியாக உளவியல் காரணத்தால் விளக்கினால் அந்த விளக்கம் பொய் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் நிலைப்பாடு. நமது மார்க்சிய வட்டாரங்களில் உளவியல் என்றாலே முதலாளித்துவச் சரக்கு என்று முகம் சுளிக்கும் வழக்கம் உண்டல்லவா, அதற்குத் துர்கைமின் ஆசி அவருக்கே தெரியாமல் கிடைத்திருக்கிறது.

இப்படிக் கோட்பாடாகவே பேசிக்கொண்டு போனால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இரண்டு கடைகளும் அதை என்ன செய்தன என்று பார்ப்பதுதான் சரி. நான் எடுத்துக்கொள்வது வதந்தி.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். 'வதந்தி' வடமொழி வினை. 'அவர்கள் சொல்கிறார்கள்' என்பதுதான் அதன் பொருள். நாம் பேச்சில் 'அப்படின்னு பேசிக்கிறாங்க' என்கிறோமே, அதேதான். எழுவாய் பன்மையில் இருக்கிறது, ஆனால் ஆள் இல்லை. 'புரளி' என்ற சொல் வேறு ரகம். அதில் எவனோ ஒருவன் வேண்டுமென்றே கிளப்பினான் என்கிற குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழந்தமிழ் அகமரபு இன்னும் நுணுக்கமாக, சிலருக்குள் முணுமுணுப்பாக இருப்பதை அம்பல் என்றும் ஊரறியப் பேசப்படுவதை அலர் என்றும் பிரித்தது. மொட்டு, மலர். பேச்சு யாருடையது என்பதைக் காட்டிலும் அது எவ்வளவு பேரிடம் திறந்திருக்கிறது என்பதே அங்கே கணக்கு. ஆக, ஆளில்லாத பன்மையைத் தனிமனித உளவியல் எப்படிக் கையாளும் என்பதுதான் நம் கேள்வி.

1934 ஜனவரி 15 பிற்பகலில் வட பீகாரையும் நேபாளத்தையும் பூகம்பம் தாக்கியது. முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் இடிபாடுகளாயின. பீகாரில் மட்டும் 7,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தண்டவாளங்கள் முறுக்கிக்கொண்டன, தந்திக் கம்பிகள் அறுந்தன, செய்தி வரும் வழியெல்லாம் அடைபட்டது. அப்போது ஜமுனா பிரசாத் என்கிற இந்திய உளவியலாளர் ஒரு காரியம் செய்தார். மக்களிடையே உலவிய வதந்திகளைத் திரட்டினார். பாட்னாவை இரண்டொரு நாளில் புயல் தாக்கும், நேபாள எல்லையிலிருந்து மதுபனியை நோக்கி வெள்ளம் பாய்ந்து வருகிறது, சந்திர கிரகணத்தன்று இன்னொரு பூகம்பம் வரும், பிப்ரவரியில் இன்ன தேதியில் பிரளயம் என்று இப்படிப் போகிறது அந்தத் தொகுப்பு. 1935இல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் கட்டுரையாக வெளியிட்டார்.

பிரசாத் கேட்ட கேள்வி முக்கியமானது. எந்தச் சூழலில் வதந்தி பிறக்கிறது? உணர்ச்சிக் கொந்தளிப்பை உண்டாக்குகிற, பழக்கமில்லாத, தெரியாத அம்சங்கள் நிறைந்த, சரிபார்க்க வழியில்லாத ஒரு சூழல் வேண்டும் என்றார். இத்தோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் உளவியல். அவர் இன்னொன்றையும் சேர்த்தார்: அந்தச் சூழல் ஒரு குழுவின் அக்கறைக்கு உரியதாக இருக்க வேண்டும். தனி ஒருவனின் பயம் எத்தனை பெரியதானாலும் வதந்தியாகாது. 1950இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், பிற காலங்களிலும் பிற இடங்களிலும் நடந்த பூகம்பங்களை ஒட்டி எழுந்த வதந்திகளோடு பீகார் வதந்திகளை ஒப்பிட்டார். வதந்தியின் உள்ளடக்கம் பேசுகிறவரின் தலையில் அந்த நிமிஷம் உதிப்பதல்ல, ஒரு சமூகம் சேர்த்து வைத்திருக்கும் நம்பிக்கைகளிலிருந்து எடுக்கப்படுவது என்பதை அந்த ஒப்பீடு காட்டியது. பிரளயம், கிரகணம் எல்லாம் ஏற்கெனவே பரணில் இருந்தவை. பயம் அவற்றைக் கீழே இறக்கியது.

இங்கே ஒரு கிளைக்கதை. அதே பூகம்பத்துக்கு ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 24 அன்று, அரிசன யாத்திரையில் இருந்த காந்தி திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் பேசுகிறார். பீகாரைத் தாக்கியது தீண்டாமை என்கிற பாவத்துக்கு இறைவன் கொடுத்த தண்டனை என்கிறார். தாகூர் கொதித்துப்போய் மறுப்பு எழுதினார். காந்தி பின்வாங்காமல் பதில் எழுதினார். இரண்டும் பிப்ரவரியில் 'ஹரிஜன்' இதழில் வெளியாயின. சோதிடன் சொன்ன பிரளயம் வதந்தி என்றால் திருநெல்வேலிப் பேச்சு என்ன? சரிபார்க்க முடியாமை இரண்டிலும் உண்டு. பேரழிவுக்கு அர்த்தம் கற்பிக்கும் வேலையையும் இரண்டும் செய்கின்றன. ஒன்றுக்குப் பெயருள்ள பேச்சாளர் இருக்கிறார், கூட்டம் இருக்கிறது, அச்சேறும் பத்திரிகை இருக்கிறது. மற்றதற்கு அவை இல்லை. கேட்பவரின் மனசுக்குள் என்ன நடந்தது என்று மட்டும் ஆராய்கிற உளவியலால் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது. எந்தப் பேச்சு வதந்தி எனப் பெயர் பெறும், எது கருத்து எனப் பெயர் பெறும் என்பதை அதிகாரம் வரையறுக்கிறது. காந்தியின் நோக்கம் தீண்டாமைக்கு எதிரானது என்பதால் இந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

சரி, பிரசாத்தின் வதந்திகள் பிறகு என்ன ஆயின? அமெரிக்காவுக்குப் போயின.

ஆனால் அதற்கு முன் இரண்டாம் உலகப்போரைச் சொல்ல வேண்டும். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க வதந்திகள். அரசுக்குக் கவலை. 1942இல் பாஸ்டன் நகரத்து நாளிதழ் ஒன்றில் 'வதந்தி மருத்துவமனை' என்கிற பகுதியே தொடங்கப்பட்டது. வாரந்தோறும் ஒரு வதந்தியை எடுத்து மறுப்பார்கள். பெயரைப் பாருங்கள். வதந்தி நோய், சொல்பவர் நோயாளி. இந்தச் சூழலில் இருந்துதான் கோர்டன் ஆல்போர்ட்டும் (மேலே சொன்ன ஃப்ளாய்டின் தம்பி) லியோ போஸ்ட்மனும் 1947இல் எழுதிய புகழ்பெற்ற வதந்தி நூல் வருகிறது. வதந்தியின் அளவு என்பது விஷயத்தின் முக்கியத்துவத்தை அதன் தெளிவின்மையால் பெருக்கினால் கிடைப்பது என்று ஒரு சூத்திரம் போட்டார்கள். பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் வதந்தி இல்லை. அழகான சூத்திரம்தான், மறுப்பதற்கில்லை. பிரசாத்தின் குழு மட்டும் அதில் காணவில்லை.

அவர்களுடைய சோதனை இப்படி. ஒருவருக்கு ஒரு படத்தைக் காட்டுவது, அவர் பார்த்ததை அடுத்தவரிடம் சொல்ல வேண்டும், அவர் அதற்கடுத்தவரிடம். ஆறேழு பேர் தாண்டியதும் கதை சுருங்கி, சில விவரங்கள் மட்டும் கூர்மையாகி, கேட்பவரின் பழைய எண்ணங்களுக்குத் தக்கபடி வளைந்துவிடுகிறது. ஒரு படத்தில் சுரங்க ரயில் பெட்டிக்குள் ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் நிற்கிறார்கள். சவரக்கத்தி வெள்ளையர் கையில் இருக்கிறது. வெள்ளையர்களை வைத்து நடத்திய சோதனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில், கதை கைமாறும் ஏதோ ஒரு கட்டத்தில் கத்தி கறுப்பர் கைக்குப் போய்விட்டது. இந்த ஒரு விவரத்துக்காகவே அந்த நூலை மதிக்கிறேன். சமூகத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுச் சோதனைச்சாலைக்குள் நுழைந்தார்கள். அது கத்தியாக உள்ளே வந்துவிட்டது. ஆனால் அவர்கள் அதை நினைவாற்றலின் கோளாறாக, தனிமனித முன்முடிவின் விளைவாக எழுதினார்கள். நூற்றாண்டுகளின் அடிமைமுறை ஒருவரது ஞாபகத்தின் வளைவாகச் சுருங்கிவிட்டது.

சோதனையில் இன்னொரு விஷயம். கேட்பவர் திருப்பிக் கேட்கக் கூடாது. வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் தள்ள வேண்டும், அவ்வளவுதான். டீக்கடையில் நாம் அப்படியா கேட்கிறோம்? 'யாரு சொன்னா?' 'நீ பாத்தியா?' 'அவன் சொன்னா நான் நம்பமாட்டேன், அவன் அந்தக் கட்சி ஆளு.' கேள்வியும் சந்தேகமும் ஆளை எடைபோடுவதும் சேர்ந்ததுதான் ஊர்ப்பேச்சு. அவற்றை விலக்கிவிட்டு மிச்சத்தை அளந்தால் மனிதன் ஓட்டைச் செப்புக்குடமாகத்தான் தெரிவான்.

அடுத்து லியோன் ஃபெஸ்டிங்கர். 1950களில், மனிதர்கள் ஒருவர் மீதொருவர் செலுத்தும் செல்வாக்கு, செய்தித்தொடர்பு பற்றிய ஆய்வுகளைத் திரட்டும்போது பிரசாத்தின் பீகார்க் கட்டுரை அவர் கையில் கிடைக்கிறது. அவரைக் குழப்பிய விஷயம் இது: நிலநடுக்கம் உணரப்பட்டு, ஆனால் பெரிய சேதமில்லாத இடங்களில் வாழ்ந்தவர்கள் ஏன் இன்னும் பெரிய அழிவு வரும் என்று பேசிக்கொண்டார்கள்? தப்பித்தவர்கள் ஆறுதலான பேச்சை அல்லவா பேச வேண்டும்? ஃபெஸ்டிங்கர் கண்ட விடை: அவர்களுக்குள் ஏற்கெனவே பயம் இருக்கிறது, ஆனால் சுற்றிலும் பார்த்தால் பயப்படும்படி எதுவும் கண்ணில் படவில்லை. பயமும் காட்சியும் பொருந்தவில்லை. அந்தப் பொருத்தமின்மை தாங்க முடியாதது. எனவே பயத்துக்குத் தக்க காரணத்தை வதந்தி தயாரித்துக் கொடுக்கிறது. இதற்கு எடைக்கல்லாக துர்கானந்த் சின்கா டார்ஜிலிங் நிலச்சரிவுக்குப் பின் நடத்தி 1952இல் வெளியிட்ட ஆய்வை வைத்தார். அங்கே மக்கள் அழிவை நேரில் பார்த்தவர்கள். வரப்போகும் பேரழிவு பற்றிய வதந்தி அங்கே இல்லை. பயத்துக்குக் காரணம் கண்ணெதிரே கிடக்கிறதே! இந்த விதையிலிருந்து 1957இல் அறிதல் முரண்பாட்டுக் கோட்பாடு வந்தது. இருபதாம் நூற்றாண்டு உளவியலின் மிகப் பெரிய கோட்பாடுகளில் ஒன்று பீகார் மக்களின் பேச்சிலிருந்து முளைத்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தக் கோட்பாட்டின் வலிமையைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. நம்பிக்கையும் நடப்பும் முட்டிக்கொள்ளும்போது நடப்பையே வளைத்துக்கொள்ளும் மனிதர்களை நாம் நன்றாக அறிவோம். கட்சியை விட்டுப் போனவர்களிலும் உண்டு, போகாதவர்களிலும் உண்டு. நம் கவனத்துக்குரியது வேறு. பிரசாத்திடமிருந்து ஃபெஸ்டிங்கருக்கு வரும் வழியில் என்ன உதிர்ந்தது என்பது. தந்திக்கம்பி அறுந்தது உதிர்ந்துவிட்டது. கிரகணமும் பிரளயமும் எந்தப் பரணிலிருந்து வந்தன என்ற கேள்வி உதிர்ந்துவிட்டது. சட்டமறுப்பு இயக்கத்தை நசுக்கிக்கொண்டிருந்த ஓர் அரசின் அறிவிப்புகளை பீகார் மக்கள் ஏன் நம்ப வேண்டும் என்பது உதிர்ந்துவிட்டது. (ராஜேந்திர பிரசாத் பூகம்பம் நடந்து இரண்டொரு நாளில்தான் காவலிலிருந்து விடுவிக்கப்பட்டு நிவாரண வேலைக்கு வருகிறார்.) எஞ்சியது ஒரு தலை. அதற்குள் ஒத்துப்போகாத இரண்டு எண்ணங்கள். கோட்பாடு உலகம் முழுக்கப் பயணம் செய்ய வசதியாக ஊரைக் கழற்றி வைத்துவிட்டது.

மற்ற கடைக்குப் போவோம். டமோட்சு ஷிபுடானி கலிஃபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர், பெர்க்லி மாணவர். 1942இல் அமெரிக்க அரசு 1,10,000க்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை முள்வேலிக்குள் அடைத்தபோது அவரும் அடைக்கப்பட்டார். ஆல்போர்ட் வதந்தியைச் சோதனைச்சாலையில் பார்த்தார். ஷிபுடானி வதந்திக்குள் வாழ்ந்தார். எங்கே கொண்டுபோவார்கள், சாப்பாட்டில் என்ன கலக்கிறார்கள், யார் காட்டிக்கொடுக்கும் 'நாய்' என்று முகாம் முழுக்கப் பேச்சு. முகாமின் பத்திரிகை நிர்வாகத்தின் தணிக்கைக்கு உட்பட்டது; மக்கள் அதை நம்பவில்லை. பின்னர் சிகாகோவில் ஹெர்பர்ட் ப்ளூமரின் மாணவரான ஷிபுடானி, 1966இல் வதந்தி பற்றித் தன் நூலை எழுதினார். அவர் கணக்கில் வதந்தி என்பது கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டிய செய்தி. முறையான செய்தி வரவில்லை, அல்லது வருவதை நம்ப முடியவில்லை. ஆனால் எப்படியாவது செயல்பட்டாக வேண்டும். அப்போது மனிதர்கள் கூடித் தங்களிடம் உள்ள துண்டுகளை ஒட்டவைத்து நிலைமையைப் புரிந்துகொள்ள முயல்கிறார்கள். ஒருவர் செய்தி கொண்டு வருகிறார், ஒருவர் விளக்குகிறார், ஒருவர் சந்தேகிக்கிறார், ஒருவர் முடிவெடுக்கச் சொல்கிறார். ஆக வதந்தி ஒரு கூட்டுச் செயல். யாருடைய தலையிலும் அது முழுசாக இல்லை, ஆட்களுக்கு இடையில் இருக்கிறது.

இதுவும் சமூக உளவியல்தான். ஆனால் சமூகவியலின் வாசல் வழியாக வந்தது. மனம் என்பதே பிறரோடு ஊடாடுவதில் உருவாகிறது என்று ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் சொன்னதன் வழிவந்த குறியீட்டு ஊடாட்டவியல் மரபு. விளிம்புநிலை ஆய்வுகளைப் படித்த நண்பர்களுக்கு ரணஜித் குகா நினைவுக்கு வரக்கூடும். 1983இல் வெளியான அவருடைய விவசாயிகள் கிளர்ச்சி பற்றிய நூல், வதந்தியை எழுத்தறிவற்றோரின் அரசியல் ஊடகமாக வாசித்தது. 1857இல் ஊர் ஊராகக் கைமாறிய சப்பாத்திகளின் பின்னால் சதிகாரனைத் தேடிய வெள்ளை அதிகாரிகளுக்கு அவன் அகப்படவே இல்லை. ஆளில்லாத பன்மைக்கு ஆள் தேடினால் எப்படி அகப்படும்?

ஷிபுடானியும் குகாவும் நமக்குப் பிடித்துப்போவது இயல்பு. மக்களை மூடர்கள் என்ற பட்டத்திலிருந்து அவர்கள் மீட்கிறார்கள். ஆனால் அந்த மீட்பிலேயே நின்றுவிட முடியாது. வதந்தி கூட்டுச் சிந்தனை என்றால், அந்தக் கூட்டுச் சிந்தனை அடித்துக் கொல்லவும் செய்கிறதே, அதை என்ன சொல்ல?

2018 ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப் குரல்பதிவுகளும் படங்களும் பரவின. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று தாக்கப்பட்டது. 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்தார். அதே நாட்களில் பழவேற்காட்டில் இன்னொருவர் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் இப்படி நடந்ததும், ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே தடவையில் தள்ளிவிட முடியாதபடி செய்தது. காவல்துறையின் சொல் வழக்கமானது: வதந்திகளை நம்ப வேண்டாம். இரண்டும் சோதனைச்சாலை உளவியலின் பிள்ளைகள். முதலாவது கைமாறும் எண்ணிக்கையைக் குறைக்கிறது. இரண்டாவது தனிமனிதனின் நம்பும் உறுப்பைப் பார்த்துப் பேசுகிறது.

இதன் பக்கத்தில் இன்னொன்றை வைக்கிறேன். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத காணொளிகளை ஒட்டிவைத்துப் பரப்பினார்கள். பீகார் சட்டமன்றத்தில் அமளி, அங்கிருந்து அதிகாரிகள் குழு வருகை, இங்கே வழக்குகள். தொழிலாளர்கள் அஞ்சினார்கள், ரயிலேறியவர்களும் உண்டு. (ஹோலிக்காகப் போகிறார்கள் என்று சொல்லப்பட்டது. அதுவும் உண்மைதான், யார் எதற்காகப் போனார் என்று பிரித்தறிய வழியில்லை.) ஆல்போர்ட்–போஸ்ட்மன் சூத்திரத்தில் இரண்டு நிகழ்வுகளையும் போட்டுப் பாருங்கள். உயிர் சம்பந்தப்பட்டது, ஆகவே முக்கியத்துவம் உச்சம். எது உண்மை என்று தெரியாது, ஆகவே தெளிவின்மை உச்சம். பெருக்கினால் ஒரே விடை. ஆனால் ஓரிடத்தில் பயந்தவர்கள் கம்பை எடுத்தார்கள், மற்றோரிடத்தில் பயந்தவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். ஏன்? முதலாமவர் தங்கள் ஊரில் நின்றுகொண்டு பயந்தார்கள். இரண்டாமவருக்கு நிற்க ஊரில்லை. வாடகை அறையும் ஒப்பந்தக்காரரின் தயவும்தான். பயம் உளவியல் சமாச்சாரம் என்றே வைத்துக்கொள்வோம். பயம் கையாக மாறுமா காலாக மாறுமா என்பது எவரிடம் என்ன பலம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கம்பெடுத்தவர்களும் வேறொரு தராசில் பலமற்றவர்களாக இருக்கலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில், அந்த மணிநேரத்தில், எதிரே நின்ற அந்நியரை விடப் பலமானவர்கள்.

அந்நியர் என்றால் யார்? பிள்ளை பிடிப்பவன் என்கிற உருவம் வாட்ஸ்அப் படைத்ததல்ல. நம் குழந்தைப் பருவத்துப் 'பூச்சாண்டி', சாக்குப் பையோடு வரும் 'பிள்ளை பிடிக்கிறவன்' எல்லாம் ஊரில் வேரில்லாதவர்களின், நாடோடிகளின் சாயலில் செய்யப்பட்டவர்கள். பிரசாத் சொன்ன பரண் இதுதான். 2018இல் அந்த உருவத்தின் மேல் 'வடநாட்டான்' என்ற புதுச்சட்டை போடப்பட்டது. இந்தச் சட்டையை யார் தைத்தார்கள் என்பதைக் கேட்காமல், நம்பியவனின் அறியாமையை மட்டும் பேசிப் பிரயோசனம் இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, சமூகவியல் மட்டும் போதும் என்று நான் முடிக்கப் போகிறேன் என நினைத்தால் அதுவும் இல்லை. துர்கைமின் கட்டளையை அப்படியே ஏற்றால் நம் கையில் எஞ்சுவது, ஒரே அமைப்பு ஒரே விளைவைத் தரும் என்கிற இயந்திரம். நடப்பு அப்படி இல்லை. ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே குரல்பதிவு. ஒருவன் ஓடிவந்து அடிக்கிறான், ஒருவன் கைபேசியில் படம் பிடிக்கிறான், ஒருவன் கதவைச் சாத்திக்கொள்கிறான், ஒருவன் குறுக்கே விழுந்து தடுக்கப் பார்க்கிறான். அமைப்பு இந்த நால்வரையும் பிரித்துக் காட்டாது. இங்கே ஃபெஸ்டிங்கர் தேவைப்படுகிறார். முதல் அடி விழுந்த பிறகு, அடித்தவனுக்கு அடிபட்டவர் குற்றவாளியாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் தான் செய்தது என்ன? இரண்டாவது அடிக்குக் காரணம் வதந்தி அல்ல, முதல் அடி. கூடிநின்று யோசிக்கும் வதந்தியும் பதற்றம் முற்றிய நிலையில் யோசனையற்றுப் பாயும் வதந்தியும் வேறுவேறு என்று ஷிபுடானியே பிரித்தார். முன்னது எந்தக் கணத்தில் பின்னதாக மாறுகிறது என்பதைச் சொல்ல அவரிடம் போதுமான உளவியல் இல்லை. ஃபெஸ்டிங்கரிடம் அது இருக்கிறது, ஆனால் தெரு இல்லை.

பாதியும் பாதியும் சேர்ந்து முழுசு ஆகாது என்று முதலில் சொன்னதன் காரணம் இதுதான். அறுபது சதம் சமூகம், நாற்பது சதம் உளம் என்று கலந்து ஊற்றுகிற விவகாரம் அல்ல. பயம் தனக்கான பொருளை எங்கிருந்து எடுத்துக்கொள்கிறது, எடுத்ததை எந்தப் பலத்தோடு செயலாக்குகிறது, செயல் திரும்ப வந்து நம்பிக்கையை எப்படி இறுக்குகிறது என்ற மூன்று இடங்களில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துதான் போகின்றன. எங்கே கை மாறுகிறது என்று ஒவ்வொரு நிகழ்விலும் தேடிப்பார்க்க வேண்டியிருக்கிறது. பொதுச் சூத்திரம் கைகொடுக்காது.

உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை எல்லாவற்றையும் தலைக்குள் வைத்தால், இவை எல்லாவற்றையும் அமைப்புக்குள் வைக்கின்றன. நில உடைமை, சாதி விகிதம், தேர்தல் கணக்கு, மதவாத அமைப்புகளின் வருகை என்று பக்கம் பக்கமாக விவரம் இருக்கும். பிறகு ஒரு வரி: 'இந்நிலையில் வதந்தி பரவியது.' அந்த ஒரு வரிக்குள் நடந்ததுதான் நமக்குத் தெரிய வேண்டியது. முதலில் யாரிடம் கேட்டார்கள்? யார் சொன்னால் நம்பினார்கள்? 'நீ பாத்தியா?' என்று எவராவது கேட்டார்களா, கேட்டவரின் வாயை எப்படி அடைத்தார்கள்? வட்டாட்சியரோ காவல்நிலையமோ சொன்னது ஏன் எடுபடவில்லை? முன்பு எப்போது அவர்கள் பொய் சொல்லி மாட்டினார்கள்?

இன்னொன்றும் உண்டு. 2018இல் அந்தக் குரல்பதிவு தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களின் கைபேசிகளுக்கு வந்தது. அவற்றில் பெரும்பாலான ஊர்களில் யாரும் சாகவில்லை. அங்கும் பயம் இருந்தது, அங்கும் அந்நியர்கள் நடமாடினார்கள். வளையல் விற்பவர், போர்வை விற்பவர், வழிதவறி வந்தவர். யாரோ ஒரு டீக்கடைக்காரரோ, ஆசிரியையோ, 'அட, அது நம்ம பாய்தான்யா, வருசா வருசம் வர்றவரு' என்று சொல்லியிருக்கலாம். அந்த ஊர்களுக்கு எந்தக் குழுவும் போனதில்லை. ஒன்றும் நடக்காத ஊருக்குப் போய் என்ன விசாரிப்பது என்று கேட்பார்கள். அடுத்த முறை குழு புறப்படும்போது, சம்பவம் நடந்த ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற, அதே செய்தி வந்தும் ஒன்றும் நடக்காத ஓர் ஊரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் யோசனை.